கடலோரச் சிறுவரும் வாசிப்புத் திறனும்

நாட்டு முன்னேற்றத்திற்கு எழுத்தறிவு இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். ஆயின், பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறிய அளவிலேயே எழுத்தறிவு வந்துவிடாது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அமர்ந்திருந்தும், தமிழ்ப் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாத சிறுவர் நம்மிடையே உளர். அவர்களைக் கைதூக்கிவிடும் வழிகளை ஈண்டு ஆராய்வோம்.

வடசென்னையின் காசிமேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதியே, ஊராட்சி அன்று. எனினும், காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை கடற்கரை நெடுகிலும் மீன்பிடி தொழிலே பல குடும்பங்களுக்கு வாழ்வு. அப்பிள்ளைகளின் இடர்ப்பாடும் பெரும்பாலும் ஒன்றே. ஆதலின் அங்குப் பயன்படும் முறை நம் கடலோர ஊராட்சிகளுக்கும் பயன்படும்.

பின்தங்குவது ஏன்?

முதற் காரணம் காலம். மீன்பிடி துறைமுகத்தில் விடியுமுன்னரே ஏலம் தொடங்கிவிடும். கூடை சுமக்கவும், ஐஸ் உடைக்கவும், மீன் பிரிக்கவும் கைகள் தேவை. 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றும், குடும்பத் தொழிலில் உதவுவதாயினும் பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவே உதவலாம் என்றும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கூறுகிறது. ஆயினும், இரவு உறக்கத்தை இழந்த சிறுவன் பள்ளிக்கு வந்தாலும் பாடம் அவன் செவியில் ஏறுவதில்லை.

இரண்டாவது பசி. 2022 இல் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்பினர்க்கென ஏற்பட்டது. ஆறாம் வகுப்பை எட்டியவன் நண்பகல் உணவு வரை காத்திருக்க வேண்டியவனாகிறான்.

மூன்றாவது, பிழை எங்கே என்று பாராமலே மேல்வகுப்பிற்கு அனுப்பிவிடுதல். 2010 இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் வழியே எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கும் வழக்கம் நீங்கியது. பிள்ளைகள் மனமொடிந்து பள்ளியை விடாதிருக்க இது நல்ல ஏற்பாடே. ஆனால் தேர்ச்சியோடு துணைப் பயிற்சியும் கிடைத்தாலன்றி இதன் நோக்கம் நிறைவேறாது.

நான்காவது நாணம். மீசை அரும்பும் வயதில் அரிச்சுவடியைக் கையில் எடுக்க எவன் முன்வருவான்? ஆகவே அவன் படிக்கத் தெரியாமையைக் குறும்பினால் மறைக்கிறான். பின்பு வகுப்பையே தவிர்க்கிறான்.

செய்யத் தக்கன யாவை?

முதலில், ஒவ்வொரு சிறுவனும் எப்படியில் நிற்கிறான் என்று அறிதல் வேண்டும். எழுத்து, சொல், பத்தி, கதை என்னும் நான்கு படிகளில், தனித்தனியே படிக்கச் சொன்னால் சில நிமிடங்களில் இது விளங்கிவிடும். பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் நாடெங்கும் பரப்பிய முறை இது. வகுப்பு எதுவாயினும், ஒரே படியில் உள்ளோரை ஒரு குழுவாக்கிக் கற்பிப்பதே இதன் உயிர்நிலை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், பிள்ளை தன் வேகத்தில் படியேற வழி செய்தது. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பின்தங்கியோர்க்காக, 2025-26 கல்வியாண்டில் நம் அரசு தொடங்கிய ‘திறன்’ இயக்கம் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் இந்நோக்கத்தையே மேற்கொண்டது.

அடுத்து, கற்பிக்கும் சொற்கள் அவனுடைய சொற்களாக இருத்தல் வேண்டும். தமிழ் எழுத்துகள் 247 எனினும், அவை தனித்தனி உருவங்கள் அல்ல. உயிர்மெய்க் குறிகளின் ஒழுங்கு பிடிபட்டால் பெரும்பகுதி கைவந்துவிடும். வலை, மடி, படகு, அலை என எளியவற்றில் தொடங்கலாம். ‘கொடுவா’, ‘கோலா’ என்னும் மீன்களை அருகருகே எழுதினால், இருபுறமும் குறி பெறும் கொ, கோ வேறுபாடு தெளிவாகும். சங்கராவில் ரகரமும் சுறாவில் றகரமும், வலையில் லகரமும் கெளுத்தியில் ளகரமும் ஆழத்தில் ழகரமும் உள்ளன. நங்கூரம், நண்டு, மீன் என்னும் மூன்று சொற்களில் ந, ண, ன மூன்றும் அடங்கும். கானாங்கெளுத்தி என்னும் பெயரைப் பிழையின்றி எழுதியவன் பாடநூலுக்கு அஞ்சான்.

நாள்தோறும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படித்தலும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை படித்துக் காட்டட்டும். எளிய நூலை எடுத்த நாணம் அகன்று, கற்பிக்கும் பெருமிதம் அவ்விடத்தில் அமரும். வானிலை எச்சரிக்கை, காப்புறுதி விண்ணப்பம், ஏலச் சீட்டு ஆகியனவும் பாடமாகலாம். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வீசியபோது, காலத்தில் எட்டும் எச்சரிக்கையின் அருமையைக் கடலோரம் முழுவதும் உணர்ந்தது. எழுதி வரும் எச்சரிக்கையைத் தானே படிக்க வல்லவன் பிறர் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை.

ஏற்ற காலமும் கூட்டு முயற்சியும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. கோடை விடுமுறையின் பெரும்பகுதியும் இதனுள் அடங்கும். அக்காலத்தில் தந்தையர் கரையில் வலை செப்பனிடுவர். சிறுவர்க்கும் துறைமுக வேலை குறையும். வலைக்கூடத்தருகே மாலை வாசிப்பு வகுப்பு நடத்த இதனினும் ஏற்ற காலம் வேறில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவினர் தாய்மாரைக் கலந்து, பள்ளி நாட்களில் ஏலத்திற்குப் பிள்ளைகளை அழைப்பதில்லை என்று உறுதி பெறலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் வளரிளம் மாணவர்க்குக் காலைச் சிற்றுண்டி அளிக்க முன்வரலாம். 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் செலுத்துகிறோம். அந்நூல்கள் சிறுவர் கைக்கு எட்டுமாறு செய்தல் நம் உரிமையும் கடமையும் ஆகும்.

மீனவர் குடியில் 1860 இல் பிறந்த சிங்காரவேலர் வழக்கறிஞராகி, பெரும் நூல்தொகுப்பைத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். 1923 இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 இல் தொடங்கப்பெற்றது. அவ்வுதவியைப் பெறக் கல்லூரி வாயிலை அடைய வேண்டும்; அவ்வாயிலுக்கு முதற்படி ஒரு பத்தியைத் தடையின்றிப் படித்தலே. அப்படியில் நம் சிறுவரை ஏற்றிவிட, வரும் தடைக்காலத்திலேயே ஒவ்வொரு கடலோர ஊராட்சியும் ஒரு வாசிப்பு வகுப்பையேனும் தொடங்குமாக.