கருவி மாறும், காரியம் மாறாது



குழுவில் சேர்ந்த புதிதில் கைநாட்டு வைத்த நம்மில் பலர், இன்று தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்து எதற்கு? “ஒப்புக்கொண்டது நான்தான், அதற்குப் பிறகு யாரும் இதைத் திருத்தவில்லை” என்பதற்குச் சாட்சி. அதுதான் காரியம். பேனா வெறும் கருவி. சட்டம் எழுதும்போது காரியத்தை விட்டுவிட்டு ஒரே கருவியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டுச் சட்டம்

கம்ப்யூட்டரில் அனுப்பும் ஆவணத்தில் பேனாவால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் 2000ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், ‘டிஜிட்டல் கையொப்பம்’ செல்லும் என்றது. நல்ல விஷயம்தான். ஆனால் அதை எந்த முறையில் போட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதுதான் இரட்டைச் சாவி முறை. ஒரு ரகசியச் சாவி நம்மிடம் இருக்கும், இன்னொரு சாவியால் மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். அரசு உரிமம் பெற்ற நிறுவனத்திடம் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். சாவியைப் பெரும்பாலும் பென்டிரைவ் மாதிரி ஒரு கருவியில் வைத்திருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கு இது சரி. கள்ளக்குறிச்சிக்கு வந்து போகவே ஒரு நாள் கூலியை விடுகிற கல்வராயன் மலை உறுப்பினருக்கு இது கட்டுப்படியாகுமா? இதைவிட எளிய வழியை யாராவது கண்டுபிடித்தாலும், அந்தச் சட்டப்படி அது கையொப்பம் ஆகாது.

முறையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கள்ளக் கையெழுத்து வரக் கூடாது, கோர்ட் நம்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் தொழில்நுட்பம் ஓடுகிற வேகத்துக்குச் சட்டம் ஓடாது. ஒரு வார்த்தையை மாற்றவும் பாராளுமன்றம் கூட வேண்டும்.

எப்படித் திருத்தினார்கள்?

2008ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 27.10.2009 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ‘மின்னணுக் கையொப்பம்’ என்ற பொதுவான சொல்லைச் சேர்த்தார்கள். முறை நம்பகமாக இருக்க வேண்டும், போட்டவரை மட்டுமே காட்ட வேண்டும், பிறகு திருத்தினால் தெரிய வேண்டும் என்று காரியத்தைச் சொன்னார்கள். எந்தெந்த முறை செல்லும் என்பதை அரசு அறிவிப்பின் மூலமே சேர்க்கலாம் என்றும் வைத்தார்கள். அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் 2015ல் ஆதார் வழியாகக் கையொப்பமிடும் முறை வந்தது. உள்ளே வேலை செய்வது அதே சாவிக் கணக்குதான். ஆனால் கருவியை நாம் வாங்கிச் சுமக்க வேண்டாம், போனுக்கு வரும் ஓ.டி.பி. போதும்.

நம்ம கைரேகை

மரவள்ளி பிடுங்கி, களை எடுத்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை மெஷின் ஏற்காமல் போவது நமக்குத் தெரியும். கைரேகை மட்டும்தான் என்று சட்டம் சொல்லியிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டம் புகைப்படம், கைரேகை, கருவிழி ஆகியவற்றோடு, விதிகள் மூலம் சேர்க்கப்படும் வேறு உடல் அடையாளங்களுக்கும் இடம் விட்டது. இன்று நம் ரேஷன் கடைகளில் கருவிழிப் பதிவும் வந்திருக்கிறது. மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் 2021 முதல் முகத்தைக் காட்டியே உயிர்ச்சான்று கொடுக்க முடிகிறது.

நம் குழு விதிகளில்?

நாம் போடும் தீர்மானமும் நம் குழுவுக்குச் சட்டம்தான். “ஊக்குநர் கையால் நோட்டில்தான் வரவு செலவு எழுத வேண்டும்” என்று எழுதினால், நாளைக்குப் படித்த பிள்ளை கம்ப்யூட்டரில் எழுதித் தர முன்வந்தாலும் முடியாது. “செல்போன் ஆப்பில் மட்டும்தான்” என்று எழுதினால், டவர் கிடைக்காத மலைக் கிராமத்துக் குழு வெளியே நிற்கும். இரண்டுமே தவறு. “வரவு செலவு அன்றைக்கே பதிவாக வேண்டும், எல்லா உறுப்பினரும் பார்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும்” என்று எழுதினால் இருவருக்குமே வழி உண்டு.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும் முன் இந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்போம்:

1. இந்த விதியால் நடக்க வேண்டிய காரியம் என்ன?
2. அதே காரியத்தை வேறு வழியில் செய்தால் ஏற்றுக்கொள்வோமா?
3. இந்தக் கருவி இல்லாத உறுப்பினர் யார்? அவருக்கு மாற்று வழி எழுதியிருக்கிறோமா?

கிராம சபையிலும், அதிகாரிகளிடம் மனு கொடுக்கும்போதும் மூன்றாவது கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும். மெஷின் ஏற்கவில்லை என்பதற்காக ஒரு பெண்ணின் உரிமை நின்றுவிடக் கூடாது.