கொடுக்கிறவன் இல்லாத கதை

நமது அரசியல் அங்கத நாவல்களில் வாங்குகிறவனுக்குப் பஞ்சமில்லை. கொடுக்கிறவன்தான் கண்ணில் படுவதில்லை. இந்திரா பார்த்தசாரதி 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' இரண்டிலும் டில்லி அதிகார வட்டாரத்தில் காரியம் சாதிக்கிறவர்களைக் காட்டினார். 'வேதபுரத்து வியாபாரிகள்' தமிழக அரசியலைப் பகடி செய்தது. பாரதி புதுச்சேரிக்கு வைத்த பெயரை மாநிலம் முழுவதற்கும் நீட்டிய பிரதி அது. ஆனால் நாம் அதை வாசித்த விதம் என்ன? 'இது அவர்தானே, அது அந்தம்மாதானே' என்று ஆள் கண்டுபிடித்துச் சிரித்தோம். வியாபாரம் என்றால் எதிர்ப் பக்கமும் ஒருத்தன் நிற்க வேணுமே, அவனை யாரும் தேடவில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் கார்ல் ஹையாசனின் 'சிக் பப்பி' (2000) அவனைத்தான் நடுவில் வைக்கிறது. ஃபுளோரிடாவில் ஒரு தீவுக்குப் பாலம் கட்டப் பணம் ஒதுக்க வைக்கும் தரகன் அவன். அங்கே தரகு ஒரு தொழில். கூட்டரசு அளவில் 1995 சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே அப்படிப் பதிவு கேட்கும் சட்டமே இல்லை. ஆகவே அவன் 'அண்ணன்', 'வேண்டப்பட்டவர்', 'செக்ரட்டேரியட்ல தெரிஞ்சவர்' என்று உறவுச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறான். பெயரில்லாத தொழிலைப் பாத்திரமாக்குவது எளிதல்ல.

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1991 பிப்ரவரி 19 அன்று வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானம் கூடாது. உல்லாச விடுதிக்காரர்களுக்கு இது தொண்டையில் முள். 1994இல் திருத்தம் வந்தது: அந்த 200 மீட்டரைத் தளர்த்தும் அதிகாரத்தை மத்திய அரசு தனக்கே கொடுத்துக்கொண்டது. 1996 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்தது இறால் பண்ணை. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொன்னது நீதிமன்றம். போராடியவர்கள் ஜெயித்தார்கள். பிறகு? 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அந்த அறிவிப்பின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது. எப்போதிலிருந்து? 1991 பிப்ரவரி 19 முதலே! பதினாலு வருஷம் பின்னால் நடந்து போய், நடந்த குற்றத்தை நடக்காததாக ஆக்கிவிட்டது சட்டம். எந்தப் பகடிக்காரனுக்கு இந்தக் கற்பனை வரும்?

லஞ்சத்துக்கும் தரகுக்கும் வித்தியாசம் இங்கேதான். லஞ்சம் சட்டத்தை மீறுகிறது. மீறல் என்றால் சாட்சி, கைது, அவமானம் எல்லாம் உண்டு. தரகோ சட்டத்தையே மாற்றி எழுதிவிடுகிறது. அதன்பின் மீறல் என்று ஒன்றுமில்லை. பெட்டி கைமாறும் காட்சிக்காகக் காத்திருக்கும் நாவலாசிரியன் ஏமாந்துதான் போவான், ஏனென்றால் காட்சி கெஜட்டில் நடந்து முடிந்துவிட்டது. 2019 அறிவிப்பு, மக்கள் நெருக்கம் கூடிய கிராமக் கரையில் அந்த 200 மீட்டரை 50 ஆக்கியது. மீனவர் வீடு கட்டிக்கொள்ள இது உதவலாம்தான். அதே 150 மீட்டரில் வேறு யார் வருவார்கள் என்பதையும் கேட்கத்தானே வேண்டும்?

கொடுத்தவன் பெயரை மறைப்பதற்கே ஒரு சட்டம் இருந்தது. 2018இல் தொடங்கிய தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்ற பிறகே பெயர்கள் வெளிவந்தன. தி.மு.க. பத்திரங்கள் மூலம் பெற்றதாகத் தெரிவித்த 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்துடையது. மாநிலத்தில் லாட்டரிக்கு 2003 முதல் தடை என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

ஆகவே புதிய அங்கதம் மந்திரியின் தொப்பையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திருத்த அறிவிப்பின் ஒரு துணைப்பிரிவை எடுத்து, இது யாருக்காக எழுதப்பட்டது என்று குப்பத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தால் போதும். வலை பின்னுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் கேள்வி கேட்பார்கள்.