விளம்பரத்துக்குத் தடை உண்டு. சிகிச்சைக்கு வழி எங்கே?: மைசூரு ஆய்வு எழுப்பும் கேள்வி

புது தில்லி: பாலுறவு இன்பத்தைப் பெருக்குவதாகக் கூறி மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால், அந்த விளம்பரங்களை நம்பிச் செல்வோருக்கு முறையான சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் தெளிவான விடை இல்லை. மைசூரில் இருந்து வெளிவந்த ஆய்வு ஒன்று இந்த இடைவெளியை எண்களில் காட்டியிருக்கிறது.

மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவப் பேராசிரியர் டி.எஸ். சத்தியநாராயண ராவும் அவரது சகாக்களும் தென்னிந்தியக் கிராமப்புற மக்களிடையே நடத்திய ஆய்வு, 2015-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கும், பெண்களில் ஏழில் ஒருவருக்கும் ஏதேனும் ஒரு பாலியல் குறைபாடு இருப்பதாக அது தெரிவித்தது. உச்சநிலையை எட்ட இயலாமை 5.67 சதவீதப் பெண்களிடம் கண்டறியப்பட்டது. இது நகர்ப்புற, மேல்தட்டு மக்களின் பிரச்னை என்ற பொதுவான எண்ணத்தை இந்த எண்ணிக்கை பொய்யாக்குகிறது.

எது குறைபாடு?: எப்போதாவது நிகழும் தடங்கலை மருத்துவர்கள் நோயாகக் கருதுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையின்படி, ஏறக்குறைய எல்லா உறவுகளிலும், அதாவது 75 முதல் 100 சதவீதத் தருணங்களில், குறைந்தது ஆறு மாத காலம் இந்நிலை நீடிக்க வேண்டும். அது சம்பந்தப்பட்டவருக்கு மனவேதனையும் தர வேண்டும். வேதனை இல்லையெனில் அது சிகிச்சைக்குரியது அல்ல.

சிகிச்சை முறைகள்: முதல் பணி காரணத்தைத் தேடுவதே. தொடக்கம் முதலே உள்ள குறைபாடா, இடையில் வந்ததா என்பதை மருத்துவர் கேட்டறிகிறார். இடையில் வந்தது என்றால் நீரிழிவு, தைராய்டு, நரம்புக் கோளாறுகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃபுளுவாக்ஸடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உச்சநிலையைத் தாமதப்படுத்துகின்றன; சில வேளைகளில் அடியோடு தடுக்கின்றன. அளவைக் குறைப்பதோ, மாற்று மருந்து தருவதோ மருத்துவரின் முடிவு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோருக்கு மனச்சோர்வு மீண்டும் திரும்பும் ஆபத்து உண்டு.

உடல்ரீதியான காரணம் இல்லாதபோது ஆலோசனையும் பயிற்சியுமே பிரதான சிகிச்சை. அமெரிக்காவின் மாஸ்டர்ஸ், ஜான்சன் ஆகிய இருவரும் 1970-இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. தம்பதியர் சில காலம் உடலுறவைத் தவிர்த்து, எந்த இலக்கும் இல்லாமல் ஒருவரையொருவர் தொட்டு உணரப் பழகுவது அவர்கள் வகுத்த முறை. எட்டியாக வேண்டும் என்ற பதற்றமே பலருக்குத் தடையாக இருப்பதால், அந்தப் பதற்றத்தை அகற்றுவதே இதன் நோக்கம். ஒருபோதும் உச்சநிலையை அறியாத பெண்களுக்கு, தன் உடலைத் தானே அறிந்துகொள்ளும் பயிற்சி படிப்படியாகக் கற்பிக்கப்படுகிறது. உடலுறவு மட்டுமே பெரும்பாலான பெண்களுக்குப் போதுமானதல்ல என்ற எளிய உடற்கூற்று உண்மையைக் கணவருக்கும் விளக்குவதாலேயே தீர்வு காண்போர் உண்டு. இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2017-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறைகளும் தம்பதியர் இருவரையும் சேர்த்தே அணுக வலியுறுத்துகின்றன. அந்நெறிமுறைகளை எழுதியவர்களுள் சத்தியநாராயண ராவும் ஒருவர்.

சட்டத்தின் நிலை: 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பாலுறவு இன்பத்துக்கான ஆற்றலைக் காப்பதாகவோ பெருக்குவதாகவோ கூறும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் விதிக்கப்பட்ட தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதை இரண்டு ஆண்டுச் சிறை, ரூ. 10 லட்சம் அபராதம் என உயர்த்தும் வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் வெளியிட்டது. சட்டம் மத்திய அரசுடையது; அதை அமல்படுத்தும் பொறுப்போ மாநில அதிகாரிகளுடையது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் "ரகசிய நோய்" சுவரொட்டிகளே அமலாக்கத்தின் லட்சணத்துக்குச் சான்று.

மக்களவையில் 2017 மார்ச் 27-இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநல சேவைகளைப் பெறும் உரிமையை அனைவருக்கும் வழங்கியது. ஆனால், சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவற்றில் ஏற்படும் கடுமையான கோளாறையே அச்சட்டம் மனநோய் என்கிறது. உலக சுகாதார அமைப்பின் 11-ஆவது நோய் வகைப்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, பாலியல் குறைபாடுகள் மனநோய்ப் பட்டியலில் இருந்து விலக்கப்பட்டு, பாலியல் நலனுக்கான தனி அத்தியாயத்தில் சேர்க்கப்பட்டன. களங்கத்தை நீக்கும் இந்த மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் மகப்பேறு, மனநலம் ஆகிய இரு துறைகளும் "எங்களுடையது அல்ல" எனக் கைவிரிக்க அது வழிவகுத்துவிடக் கூடாது.

மத்திய அரசு 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டத்தில் பாலியல் நலமும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் வரம்பு 10 முதல் 19 வயது வரை மட்டுமே. திருமணமான பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் கருத்தடை பற்றியும் பிரசவம் பற்றியும் கேட்கப்படுகிறாரே தவிர, தாம்பத்திய உறவில் அவருக்குள்ள சிரமம் பற்றிக் கேட்கப்படுவது அரிது.

மருத்துவ, செவிலியர் படிப்பில் பாலியல் நலப் பயிற்சியை மேம்படுத்த வேண்டும் என்பது மைசூரு ஆய்வின் பரிந்துரைகளுள் ஒன்று. இதற்குப் புதிய மருந்தோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. கூச்சமின்றிக் கேட்கப் பழகிய மருத்துவரும், கதவு சாத்திய ஓர் அறையும் போதும் என்பது குறிப்பிடத்தக்கது.