மூளையும் வலையமைப்பும் – 7: 400 கஜத்தில் ஒரு முடக்கம்

எழுத முடியாமல் தவிப்பவரிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றுக்கு இடையிலான போக்குவரத்தே நின்றுபோகிறது என்ற கோணம் சென்ற வாரமே சொல்லப்பட்டுவிட்டது. விழுந்த தடை ஏன் தானாக விலகுவதில்லை என்ற அடுத்த கேள்விக்கு, மூளையைவிட ஒரு வணிக நிறுவனத்தின் கணினி வலையமைப்பே தெளிவாக விடை தருகிறது.

ஃபோர்டு ஏரோஸ்பேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள், அங்கிருந்த வலையமைப்பின் சிக்கல்களை 1984 ஜனவரியில் ஒரு குறிப்பாக வெளியிட்டார். விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த ஒரு பைட்டுடன் முகவரி முதலிய விவரங்கள் அடங்கிய 40 பைட் தலைப்பும் சேர்ந்து, 41 பைட் பொட்டலமாகக் கிளம்பியது. சரக்கைப் போல நாற்பது மடங்கு கனமான சாக்கு! இதைவிடக் கடுமையான ஆபத்தையும் அவர் கண்டார். நெரிசலால் பொட்டலம் தாமதமானால், அது தொலைந்துவிட்டதாகக் கருதும் கணினி அதன் நகலை அனுப்ப, நகல்கள் பெருகி நெரிசலை இன்னும் இறுக்குகின்றன. இந்நிலையை ஒருமுறை எட்டிய வலையமைப்பு அதிலேயே நிலைத்துவிடுகிறது. இதுவே நெரிசல் சரிவு எனப்படுவது.

1986 அக்டோபரில் அது நேர்ந்தேவிட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே இருந்த தூரம் சுமார் 400 கஜம்தான். ஆனால் அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட்டாக ஓடிய தரவு 40 பிட்டாகச் சுருங்கியது. நொடிக்கு ஐந்து எழுத்து என்றால், தாளில் எழுதி ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தாலே விரைவாகப் போயிருக்கும். வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் 1988-இல் விவரித்த தீர்வு, கம்பியைத் தொடாமல், அனுப்பும் கணினியின் நடத்தையை மாற்றியது: பொட்டலம் தொலைந்ததாகத் தெரிந்தால் அனுப்பும் அளவைப் பாதியாக்க வேண்டும், மீண்டும் தொலைந்தால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

மூளையின் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சான்று, ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட நீர்க்குடுவைச் சோதனை. 21, 127, 3 அளவுள்ள குடுவைகளால் 100 அளவு நீரைப் பெற, நடுக் குடுவையிலிருந்து முதலாவதை ஒருமுறையும் மூன்றாவதை இருமுறையும் கழிக்க வேண்டும். இதே சூத்திரத்தில் தொடர்ந்து பழகியவர்களிடம் 28, 76, 3 ஆகியவற்றால் 25-ஐப் பெறச் சொன்னபோது, 28-இலிருந்து 3-ஐக் கழித்தால் போதும் என்பது பலருக்குத் தோன்றவில்லை. செல்லாத சூத்திரத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும் மனத்துக்கும் நகல்களைக் குவித்த கணினிக்கும் உள்ள ஒற்றுமை, நரம்பணுக்கள் பொட்டலங்களை அனுப்புவதில்லை என்ற வேறுபாட்டையும் மீறி நிற்கிறது. முயற்சியைக் கைவிட்ட இடைவெளியில் மூளை என்ன செய்கிறது என்பதற்கு மார்கஸ் ரைக்லி குழுவினர் 2001-இல் விவரித்த ஓய்வுநிலை வலையமைப்பைப் பார்க்க வேண்டும். இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்த அப்பகுதியின் இடத்தை அந்த 400 கஜம் எடுத்துக்கொண்டதால், அது அடுத்த இதழில் வரும்.