காவலில்லாத சிப்பாய்

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில், நீடாமங்கலத்தை அடுத்த பூவனூரில், சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. ராஜகுமாரியை ஆட்டத்தில் வென்று சிவன் மணந்ததாகத் தலபுராணம். பழைய சதுரங்கத்தில் இன்றைய ராணி கிடையாது. அந்த இடத்தில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அவர் ராணியானார். நடுப்பலகையில் அமைச்சருக்கு எட்டுவது 4 கட்டங்கள், ராணிக்கு 27. சிப்பாயின் கதியும் சேர்ந்தே மாறிற்று: கடைசி வரிசையை எட்டினால் முன்பு அமைச்சர், பிறகு ராணி.

ஆக, புதுக் காய் ஒண்ணு சேக்கிறதுன்னா மத்த எல்லாக் காய்களோட உறவையும் திருத்தி எழுதறதுதான். இதில் கூட்டல் கணக்கும் உதவாது. யானைக்கு 5, பிஷப்புக்கு 3 என்பது வழக்கமான மதிப்பு. இரண்டின் நடையும் சேர்ந்த ராணிக்கோ 9.

1920களில் கியூபாவின் கபபிளாங்கா 10க்கு 8 பலகையில் இரண்டு காய்களைச் சேர்த்தார்: யானையும் குதிரையும் கலந்தது ஒன்று, பிஷப்பும் குதிரையும் கலந்தது மற்றொன்று. இரு தரப்புக்கும் ஒரே படை. நியாயம் என்றே தோன்றும். ஆனால் அவருடைய அடுக்கில், ஒரு குதிரையின் முன்னால் நிற்கும் சிப்பாய்க்குக் காவலே இல்லை. வெள்ளை தன் வழியிலுள்ள சிப்பாயை நகர்த்தியதுமே பிஷப்-குதிரை நேராக அதன்மேல் பாய்கிறது. முதல் நகர்த்தல் வெள்ளைக்கே. பின்னால் வந்தவர்கள் காய்களின் நடையைத் தொடவில்லை. நிற்கும் இடத்தை மாற்றி எல்லாச் சிப்பாய்க்கும் காவல் தந்தார்கள்.

சமமாகப் பங்கிடுவது வேறு, சமநிலை வேறு. புதிய காயின் பலத்தை அளப்பதற்கு முன்பே சிப்பாய் வரிசையில் நின்று கேட்க வேண்டிய கேள்வி: இது வந்ததால யாரு அனாதையானா?