கறுப்புப் பூச்சு இருந்தால் கத்தி துருப்பிடிக்காதா? சோதித்துப் பார்ப்பது எப்படி?

மலையேற்றம், காட்டுக்குள் முகாம், படகில் மீன்பிடிப்பு என்று கிளம்புகிறவர்கள் இடுப்பில் ஒரு சின்னக் கத்தியை மாட்டிக்கொள்வது உண்டு. 3 அல்லது 4 அங்குல அலகு, கைக்குள் அடங்கும் பிடி. கயிறு அறுப்பது, சுள்ளி சீவுவது, மீன் சுத்தம் செய்வது, அவசரத்துக்குத் தீ மூட்டுவது எல்லாம் இதை வைத்துத்தான். ‘சர்வைவல் கத்தி’ என்று பெயர். பட்டறையில் கையால் செய்த இத்தகைய கத்திகளை இப்போது ஆன்லைனிலும் வாங்கலாம். அவற்றில் பல, கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ பூச்சு போட்டுத்தான் வருகின்றன. “கோட்டிங் போட்டிருக்கு, துருவே பிடிக்காது” என்ற உத்தரவாதமும் இலவச இணைப்பாக வரும். அந்தப் பேச்சை எவ்வளவு நம்பலாம்?

முதலில் இரும்பைப் பற்றி. கையால் செய்யும் கத்திக்குப் பெரும்பாலும் ‘1095’, ‘5160’ போன்ற கார்பன் எஃகையே எடுப்பார்கள். 5160 என்பது வேறொன்றும் இல்லை, வண்டிகளின் ஸ்பிரிங் பட்டை வகை. நம்மூர்க் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: கூர் நிற்கும், அடி தாங்கும், தீட்டுவது சுலபம். ஆனால் துரு தாங்காது. ஸ்டெயின்லெஸ் எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். 1095-ல் குரோமியம் கிடையாது, 5160-ல் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். வியர்வைக் கை பட்டு, துடைக்காமல் உறைக்குள் போட்டால் மறுநாள் காலையில் செம்புள்ளி தெரியும்.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல

‘கோட்டிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. காஸ்டிக் சோடா கரைசலில் 140 டிகிரி செல்சியஸ் அளவில் முக்கி எடுக்கும் ‘புளூயிங்’ ஒரு வகை. அது வெளியிலிருந்து பூசுவதே இல்லை. இரும்பின் மேற்பரப்பே கறுப்பு ஆக்ஸைடாக மாறுகிறது, கனம் ஒரு மைக்ரான் அளவுதான். பாஸ்பேட் பூச்சு இன்னொன்று. 1942-ல் அமெரிக்கக் கடற்படைப் பிரிவான மரீன்கள் ஏற்றுக்கொண்ட, இன்று ‘கா-பார்’ என்று அறியப்படும் கத்திக்கு இதைத்தான் போட்டார்கள். வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்த இரண்டுமே தனியாக நின்று துருவைத் தடுப்பவை அல்ல. நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எண்ணெய் வற்றினால் பாதுகாப்பும் வற்றிவிடும்.

உண்மையான தடுப்புச் சுவர் என்றால் செராகோட் போன்ற பீங்கான் கலந்த பூச்சு (சுமார் 25 மைக்ரான்), பவுடர் கோட்டிங் (60 முதல் 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் கனம்), ஆலைகளில் வெற்றிடக் கலத்தில் படியவைக்கும் டிஎல்சி எனப்படும் வைரம் போன்ற கார்பன் பூச்சு (சில மைக்ரான்) ஆகியவைதான். பவுடர் கோட்டிங் கனமானது என்பதால் அதுவே சிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கனமான பூச்சு கட்டையில் இறங்கும்போது உரசி இழுக்கும். கையில் அது நன்றாகவே தெரியும்.

பாட்டிலில் கிடைக்கும் ‘கோல்டு புளூ’ திரவம் இருக்கிறதே, வீட்டில் தேய்த்துக் கறுப்பாக்குவது, அதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் செலினியம் சேர்மம் உண்டு, அது நச்சு. மீன் அறுக்கும், பழம் நறுக்கும் கத்திக்கு அது வேண்டாம்.

பதம் போனால் எல்லாம் போச்சு

துருவை விடப் பெரிய ஆபத்து அடுப்பில் இருக்கிறது. கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, துவைச்சல் கொடுத்த பிறகு, சுமார் 200 டிகிரியில் மீண்டும் சூடாக்கித்தான் பதம் கொண்டுவருவார்கள். அந்தச் சூட்டைத் தாண்டி மறுபடி சூடேற்றினால் எஃகு மிருதுவாகிவிடும். செராகோட்டில் அடுப்பில் இறுகும் வகைக்கு 120 டிகிரி போதும், பிரச்சினை இல்லை. பவுடர் கோட்டிங்குக்கு 180 முதல் 200 டிகிரி வரை தேவைப்படும். முள் 200 காட்டும் பழைய ஓவனுக்குள் 230 இருந்தால், பதம் இறங்கிவிடும். சாதாரணமாக அதிகச் சூடு பட்ட எஃகு பழுப்பாகவோ நீலமாகவோ நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இங்கே அந்த நிறத்தையும் பூச்சே மறைத்துவிடுகிறது.

அதனால் பூச்சுக்கு முன்பும் பின்பும் ஒரு நல்ல அரத்தைக் கருக்கில் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் பதம் இருக்கிறது. பொடி உதிர்ந்தால், பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் கத்தி வீண்.

உப்பு, பென்சில், செலோ டேப்

சோதனைக்குக் கத்தியையே பலி கொடுக்க வேண்டியதில்லை. அதே பட்டையில் வெட்டிய மூன்று துண்டுகளைக் கத்தியோடு சேர்த்தே பதப்படுத்தி, அதே உப்புத்தாளில் தேய்த்து, இரண்டுக்கு மட்டும் பூச்சு போட்டால் போதும். மூன்றாவதை வெறுமனே விட வேண்டும். இந்த வெறும் துண்டுதான் சோதனையின் உயிர். அது இல்லாவிட்டால், துரு வராததற்குக் காரணம் பூச்சா, கரைசலில் உப்புப் போதவில்லையா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒட்டுதலைப் பார்ப்பது முதல் வேலை. முதல் பூச்சுத் துண்டில் புதிய பிளேடால் 1 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடுகள், குறுக்கே ஆறு கோடுகள் கீற வேண்டும். 25 கட்டங்கள் கிடைக்கும். மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, இழுத்துப் பிரித்தால், கட்டங்கள் உரிந்து வருகின்றனவா என்று தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ 2409 தர விதியின் முறை இதுவே. 60 மைக்ரான் வரையிலான பூச்சுக்கு இந்த இடைவெளி, அதைவிடக் கனமானதற்கு 2 மி.மீ. மதிப்பெண்ணில்தான் ஒரு குழப்பம்: ஐஎஸ்ஓ முறையில் 0 என்றால் மிக நன்று, 5 என்றால் மோசம். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் முறையில் 5பி மிக நன்று, 0பி மோசம். விற்பவர் “அஞ்சு மார்க் சார்” என்றால் எந்த ஐந்து என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது பென்சில். ஓவியக் கடையில் 6பி முதல் 6எச் வரை கிடைக்கும். முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்வில் தள்ள வேண்டும். கீறாமல் தாக்குப்பிடிக்கும் கடினமான பென்சில் எதுவோ அதுவே பூச்சின் கடினம். டிஎல்சிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, பென்சில்தான் தேயும்.

உப்புச் சோதனைக்கு வருவோம். ஆய்வகங்களில் பின்பற்றப்படும் ஏஎஸ்டிஎம் பி117 என்ற விதி 1939-ல் வந்தது. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் மூடிய பெட்டிக்குள் பனிபோல் தூவிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் 950 மில்லி தண்ணீருக்கு 50 கிராம் உப்பு, ஒரு ஸ்பிரே பாட்டில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 3.5 சதவீதம்தான் என்பதால் இது கொஞ்சம் கடுமையான பரீட்சையே.

இரண்டாவது பூச்சுத் துண்டின் நடுவே, இரும்பு தெரியும் அளவுக்கு ஒரு ‘எக்ஸ்’ கீற வேண்டும். காட்டில் புழங்கும் கத்தியில் கீறல் விழாமல் இருக்காது. கேள்வியே கீறல் விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான். காலையில் நனைத்து, மாலையில் காயவிட்டு, இப்படி ஒரு வாரம். வெறும் துண்டு சில மணி நேரத்திலேயே சிவக்கும். பூச்சுத் துண்டில், கீறலுக்குள் வரும் துருவைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கடைசி நாள் கழுவி, கீறலின் ஓரத்தை மொட்டைக் கத்தியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். கீறலைத் தாண்டிப் பூச்சுக்கு அடியில் துரு எத்தனை மில்லிமீட்டர் ஊர்ந்திருக்கிறது? அந்த எண்ணே பதில். அரை மில்லிமீட்டர் என்றால் திருப்தி. 3, 4 மி.மீ. என்றால் பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் சரியாகத் துடைக்கவில்லை, அல்லது பரப்பைச் சொரசொரப்பாக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

‘500 மணி நேரம் உப்புப் பனியில் தாங்கியது’ என்று விளம்பரத்தில் பார்த்தால் அதை ஆண்டுக் கணக்காக மாற்ற முயல வேண்டாம். இந்தச் சோதனை முடிவுக்கும் வெளியுலகில் பொருள் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கும் நேரடித் தொடர்பு அரிது என்று அந்த விதியே சொல்கிறது. ஒரு பூச்சை இன்னொரு பூச்சோடு ஒப்பிட மட்டும் அது உதவும்.

முதுகில் பொறி வருமா?

பெட்டிச் சோதனையில் தேறிய பூச்சு, காட்டில் வேறொரு விதத்தில் காலை வாரலாம். தீக்குச்சி நனைந்துபோன நேரத்தில் கைகொடுப்பது ‘ஃபெரோ’ கம்பி. கத்தி முதுகின் கூரான விளிம்பை அதன்மேல் வைத்து அழுத்திச் சுரண்டினால் தீப்பொறி கொட்டும். விளிம்பைப் பூச்சு மூடி உருண்டையாக்கியிருந்தால் கம்பியில் கரி பூசியதுபோல் இழுபடுமே தவிர, பொறி வராது. மழையில் நனைந்து நடுங்குகிறவருக்குத் துருவைவிட இது பெரிய விஷயம். கத்தி கையில் வந்த அன்றே சுரண்டிப் பார்த்துவிட வேண்டும். வரவில்லை என்றால் முதுகில் இரண்டு அங்குல நீளத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்து, விளிம்பைச் சரியான செங்கோணமாக்கிவிடலாம். அந்த இடத்துக்கும், எப்படியும் வெறுமையாகவே இருக்கும் கருக்குக்கும் தினமும் ஒரு சொட்டு எண்ணெய்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத இடம். பிடிக்குள் போகும் இரும்பு வால் பகுதியைப் பலர் பூசாமலேயே ஒட்டிவிடுகிறார்கள். கட்டை அடிக்கும்போது முழு அதிர்ச்சியையும் தாங்குவது அந்த வால்தான். அங்கே நீர் புகுந்து துரு குழிபறித்தால் ஒருநாள் பிடி தனியே, அலகு தனியே வந்துவிடும், அதுவும் ஓங்கி அடிக்கும் நேரத்தில். கழுவிய கத்தியை நுனி கீழாக ஒரு வெள்ளைத் தாளின்மேல் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். பிடிக்கும் அலகுக்கும் நடுவிலிருந்து பழுப்பு நீர் சொட்டியிருந்தால், செய்தவரிடமே திருப்பிக் கொடுத்துப் பிடியைக் கழற்றச் சொல்ல வேண்டியதுதான்.