நாணயம் எழுதப்படும் ஏடு

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் இரு பொருள் தரும். கையிலுள்ள காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் பண்பும் நாணயம். காசில்லாத ஒருவரை 'நாணயமான மனிதர்' என்று நம் மக்கள் சொல்லும்போது அதில் முரண் எதுவும் தோன்றுவதில்லை. இரண்டாவது நாணயத்தை நம்பி முதல் நாணயத்தைக் கொடுப்பதே கடன்.

அப்பண்பை அளந்தறிய முற்காலத்தில் மனிதர் இருந்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்த நகரத்தார் கிட்டங்கிகளில், வெவ்வேறு கடைகளின் முகவர்கள் ஒரே கூரையின்கீழ்ப் பெட்டியடியில் அமர்ந்து தொழில் நடத்தினர். கடன் கேட்டு வந்தவர் முன்பு வாங்கியதை ஒழுங்காகத் திருப்பினாரா என்பதைப் பக்கத்துப் பெட்டிக்காரரிடம் கேட்டறியலாம். மலேசிய மளிகைக் கடைகளில், அட்டையில் '555' என்று அச்சிட்ட சிறு குறிப்பேடு இதே வேலையைச் செய்தது. அதில் ஒரு வசதியும் இருந்தது. எழுதியதில் பிழையிருந்தால், "இந்த அரிசி நான் வாங்கியதன்று" என்று கடைக்காரரிடம் அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

இன்று ஒருவருடைய நாணயம் எழுதப்படும் ஏடு அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. மலேசியாவில் அதன் பெயர் சி.சி.ஆர்.ஐ.எஸ். நடுவண் வங்கியாகிய பேங்க் நெகாராவின் கடன் தகவல் பிரிவு அதனை 2001 முதல் நடத்தி வருகிறது. வீடு, கார், கடன் அட்டை முதலியவற்றுக்காக வங்கிகளில் வாங்கிய கடன்கள் அதில் அடங்கும். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே 12 மாதங்களுக்குரிய கட்டங்கள் உள்ளன. தவணை தவறாத மாதத்தில் 0 இருக்கும். ஒரு மாத நிலுவை 1. இரண்டு மாத நிலுவை 2. ஏன் தவறியது என்று எழுத அதில் இடமில்லை. மருத்துவமனையில் கிடந்தவரும், வேண்டுமென்றே ஏய்த்தவரும் அதே இலக்கத்தைத்தான் பெறுவர். ஆசிரியர் ஒருவர் வேறு பள்ளிக்கு மாறும்போது சம்பளத்தில் பிடிக்கப்படும் தவணை ஒரு மாதம் விடுபட்டால், அவர் அறியாமலே அந்த 1 ஏறிவிடக்கூடும்.

இது 'கறுப்புப் பட்டியல்' என்று பலர் அஞ்சுவது தவறான எண்ணம். கடன் கொடு என்றோ, கொடுக்காதே என்றோ ஏடு கூறுவதில்லை. அதைப் பார்த்து முடிவு செய்வது வங்கியே. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் அதில் காட்டப்படுவதுமில்லை. மளிகைக் கடைப் பாக்கியைப் பத்தாண்டு ஒழுங்காகக் கட்டியவரின் நேர்மையும் அங்கே இடம்பெறாது. வங்கியின் கண்ணுக்கு அவர் புதியவரே. இது இம்முறையின் பெருங்குறை.

தன்னைப் பற்றிப் பிறர் எழுதியதைத் தானே படிக்கும் உரிமை எளிதில் வந்ததன்று. 1837இல் அமெரிக்காவில் நேர்ந்த வணிக வீழ்ச்சியில் நொடித்த லூயிஸ் டாப்பன் என்னும் வணிகர், 1841இல் நியூயார்க்கில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த நிருபர்கள் அவ்வூர் வணிகரைப் பற்றி எழுதியனுப்புவர். வழக்கறிஞராயிருந்த ஆபிரகாம் லிங்கனும் அந்நிருபர்களில் ஒருவர். குடிப்பழக்கம் முதல் குடும்ப நிலை வரை அக்குறிப்புகளில் ஏறின. எழுதப்பட்டவருக்கோ அவை காட்டப்படவில்லை. தனிமனிதர் தம் கடன் குறிப்பை அறியவும், பிழையை மறுக்கவும் அந்நாட்டில் பொதுச்சட்டம் வந்தது 1970இல்தான். மலேசியாவில் தனியார் கடன் தகவல் நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்தது. தம் குறிப்பைப் பெறவும் திருத்தக் கோரவும் அது உரிமை தருகிறது.

அத்தகைய தனியார் நிலையங்களுள் சி.டி.ஓ.எஸ். பலரும் அறிந்தது. நீதிமன்ற வழக்கு, நொடிப்பு அறிவிப்பு, நிறுவனப் பதிவு ஆகியவற்றையும் இது திரட்டுகிறது. 300 முதல் 850 வரை மதிப்பெண்ணும் இடுகிறது. பலர் அவ்வெண்ணை மட்டும் பார்த்து மகிழ்கின்றனர் அல்லது வருந்துகின்றனர். எண்ணைவிட அதன் அடியிலுள்ள வரிகளைப் படிப்பதே பயன் தரும். முனியாண்டி மகன் சுப்பிரமணியம் என்று நாட்டில் எத்தனை பேர்! ஒருவர்மீது தொடுத்த வழக்கு மற்றொருவர் பெயரில் தோன்றினால், அவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது அடையாள அட்டையின் 12 இலக்கங்களே. அவற்றை முதலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைக் கட்டணமின்றி இணையத்திலேயே பெறலாம். அதில் மூன்றைக் கவனிக்க வேண்டும்: தாம் வாங்காத கடன் உண்டா, கட்டிய மாதத்தில் நிலுவை காட்டப்பட்டுள்ளதா, தாம் செய்யாத விண்ணப்பம் உளதா. பிழை கண்டால் அதை அனுப்பிய வங்கியிடமே முறையிட வேண்டும். வங்கி அனுப்பியதை நடுவண் வங்கி தானாக மாற்றாது. தவணை கட்டிய சீட்டுடன் எழுத்தில் கேட்பது நன்று. வாய்ச்சொல்லால் கேட்டதற்குச் சான்றில்லை.

வாங்காத கடன் தென்பட்டால் அது வெறும் எழுத்துப் பிழையன்று. ஒருவருடைய அடையாள அட்டையை வேறொருவர் பயன்படுத்தியிருக்கலாம். காலம் தாழ்த்தாமல் வங்கிக்குத் தெரிவித்துக் காவல் நிலையத்திலும் புகார் செய்ய வேண்டும். அட்டையின் நகலை எவரிடமேனும் கொடுக்க நேர்ந்தால், எந்தத் தேவைக்காகத் தரப்படுகிறது என்பதை நகலின் குறுக்கே எழுதித் தருவது நல்ல வழக்கம். முகம் தெரியாத நிலையில் கைப்பேசி வழியாகக் கடன் தர முன்வருவோருக்கு அந்நகலை அனுப்பவே கூடாது.

உண்மையாகவே நிலுவை ஏறிவிட்டவர் வட்டிக்காரரிடம் ஓடுவதற்குமுன் ஏ.கே.பி.கே.யை நாடலாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த அந்நிலையம் கட்டணமின்றி ஆலோசனை கூறுகிறது. வங்கிகளுடன் பேசித் தவணையை மாற்றியமைக்கவும் உதவுகிறது. பாக்கியைக் கட்டி, பின் தவறாமல் நடந்தால், பழைய இலக்கங்கள் மாதந்தோறும் ஒவ்வொன்றாக நகர்ந்து ஓராண்டில் மறையும்.

சிங்கப்பூரில் 2002 முதல் இயங்கும் கடன் தகவல் நிலையம் 1000 முதல் 2000 வரை மதிப்பெண் இட்டு, ஏஏ முதல் எச்எச் வரை தரம் பிரிக்கிறது. வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தவர், வங்கியின் முடிவு கிடைத்த 30 நாளுக்குள் தம் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். மறுக்கப்பட்டவர்க்கும் இச்சலுகை உண்டு. அங்கே நினைவு சற்று நீளமானது: வாராக்கடனாக எழுதப்பட்ட ஒன்றை முழுதும் கட்டித் தீர்த்த பின்னரும், அக்குறிப்பு 3 ஆண்டு ஏட்டில் நிற்கும்.